இறக்கி வைத்துப் பிழி

சித்திரை மாதத்து மத்தியான வெயிலில் வீடு தேடி வருகிறவரைப் பார்த்து, "காப்பி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பதைப் போன்ற கொடுமை வேறு கிடையாது. அவர் மரியாதைக்காக "ஆகட்டும்" என்பார். மனத்துக்குள்ளே மோருக்கோ இளநீருக்கோ ஏங்கிக் கொண்டிருப்பார். அந்த நேரத்துக்கு வேண்டியது ஓர் எலுமிச்சம்பழம், இரண்டு கரண்டி சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பானையிலிருந்து மொண்ட தண்ணீர். இவ்வளவுதான். இதைக் கலந்து கொடுக்கத் தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்க முடியாது.

"அப்படியிருக்க, எலுமிச்சம்பழ சர்பத்தைப் பற்றி ஒரு கட்டுரையா? அதையும் சரித்திரக் கட்டுரை என்கிறீரே!" என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். சர்பத் செய்வதில் மறக்கக் கூடாத விதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்த ஒரு விதியைத் தெரிந்து கொள்வதற்கும், தெரிந்ததை மறப்பதற்கும், மறந்ததை மறுபடி கண்டுபிடிப்பதற்கும் உலகம் சுமார் நானூறு வருஷம் பாடுபட்டிருக்கிறது. அதற்குள் மாண்டு போனவர்களின் தொகையைச் சொன்னால் குடிக்க எடுத்த தம்ளர் கையிலேயே நின்றுவிடும்.

விதி என்னவென்று நம் வீட்டுப் பெண்மணிகளைக் கேட்டால் அரை விநாடியில் சொல்லிவிடுவார்கள். எலுமிச்சம்பழத்தை அடுப்பின் மேல் பிழியக் கூடாது. ரசமானாலும் சரி, சாதமானாலும் சரி, இறக்கி வைத்துப் பிழிய வேண்டும். சர்பத்துக்குப் பாகு காய்ச்சினால் அது நன்றாக ஆறிய பிறகு பிழிய வேண்டும். ராமநவமிப் பானகத்தை எடுத்துக் கொள்ளுங்கள். வெல்லம், சுக்கு, ஏலக்காய், எலுமிச்சம்பழம் எல்லாம் உண்டு; அடுப்பு மட்டும் கிடையாது. ஏன் என்று கேட்டால், "கசந்து போகும்" என்பதுதான் பதில்.

நம் பாட்டிமார்கள் வைட்டமின் சாஸ்திரம் தெரிந்தவர்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. அவர்களுக்கு அது தெரியாது. நாக்குச் சொன்னதை அவர்கள் கேட்டுக் கொண்டார்கள், அவ்வளவே. ஆனால் பெரிய பெரிய வைத்தியர்களும் கடற்படைத் தளபதிகளும் இந்தச் சின்னப் பேச்சைக் கேட்க நேராமல் போனதால் என்ன நடந்தது என்பதுதான் கதை. எலுமிச்சம்பழத்துக்கும் கடற்படைக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நம்முடைய மேற்குக் கரையிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

வாஸ்கோ ட காமா 1498-ம் வருஷம் கள்ளிக்கோட்டைக்கு வந்ததைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். திரும்பிப் போன கதையை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. பருவக் காற்றின் போக்குத் தெரியாமல் அவர் அந்த ஆண்டு அக்டோபரில் புறப்பட்டார். வரும்போது மூன்றே வாரத்தில் கடந்த அரபிக் கடல், போகும்போது மூன்று மாதம் பிடித்தது. அதற்குள் மாலுமிகளின் ஈறு வீங்கிப் பல்லை மூடிக்கொண்டது, கால்கள் வீங்கின, முப்பது பேர் செத்தார்கள். எஞ்சியவர்களிலும் கப்பலுக்கு ஏழெட்டுப் பேரே எழுந்து நடமாடக் கூடியவர்கள். 1499 ஜனவரியில் ஆப்பிரிக்கக் கரையில் மலிந்தித் துறைமுகத்தை அடைந்ததும் அவர்கள் ஆவலோடு கேட்டு வாங்கியது ஆரஞ்சுப் பழம். போகிற வழியில் அதே கரையில் பழம் தின்று பிழைத்திருந்தார்கள். அந்த ருசி நினைவிருந்தது.

இந்த வியாதிக்கு ஸ்கர்வி என்று பெயர். புதிய காயோ கனியோ இல்லாமல் இரண்டு மூன்று மாதம் இருந்தால் வரும். முதலில் சோர்வு, பிறகு ஈறுகளில் ரத்தம், பல் ஆட்டம் காணும், உடம்பெங்கும் ரத்தம் கட்டி நீலம் பாரிக்கும். எல்லாவற்றையும் விடப் பயங்கரமான ஓர் அறிகுறி உண்டு. ஆறிப்போன பழைய புண்கள் மீண்டும் வாய் திறக்கும். 1740-ல் ஆன்சன் என்ற ஆங்கிலத் தளபதி ஆறு போர்க் கப்பல்களோடு உலகைச் சுற்றப் புறப்பட்டார். அந்தக் கப்பல்களில் ஒன்றில் ஒரு கிழச் சிப்பாய் இருந்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னே பாய்ன் நதிக்கரைப் போரில் பட்ட காயங்கள் அவனுக்கு உண்டு. ஆறித் தழும்பாகி அரை நூற்றாண்டான அந்தக் காயங்கள், ஸ்கர்வி கண்டதும், ஒருநாளும் ஆறாதவை போலத் திறந்து கொண்டன என்று அந்தப் பிரயாண நூல் கூறுகிறது.

கதை எழுதுகிறவன் கற்பனையில் இப்படி எழுதினால் "மிகை" என்று தள்ளிவிடுவார்கள். உண்மையில் இதற்குக் காரணம் இருக்கிறது. நம் சதையையும் தோலையும் எலும்பையும் சேர்த்துக் கட்டும் நார் போன்ற பொருள் ஒன்று உடம்பில் இடைவிடாமல் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டே இருக்கிறது. தழும்பு என்பது ஒரு முறை தைத்து முடித்த தையல் அன்று. நாள்தோறும் தைக்கப்படும் தையல். அந்தத் தையலுக்கு வேண்டிய சாதனங்களில் ஒன்று வைட்டமின் ஸி. ஆடு, மாடு, நாய், பூனை, எலி ஆகியவை அதைத் தம் உடம்பிலேயே தயாரித்துக் கொள்ளுகின்றன. மனிதனுக்கும் குரங்குக்கும் அந்தச் சாமர்த்தியம் இல்லை. ஆகவே மாலுமி செத்துக் கொண்டிருந்த அதே கப்பலில், எலி கொழுகொழுவென்று ஓடிக் கொண்டிருந்தது.

ஆன்சனோடு புறப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,900 பேர். திரும்பாமல் போனவர்கள் சுமார் 1,400. பகைவர் கையால் இறந்தவர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். மற்றவர்களில் பெரும்பாலோரைக் கொண்டு போனது ஸ்கர்விதான்.

இதில் வயிறு எரியும் விஷயம் என்னவென்றால், மருந்து அதற்கு 140 வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. நம் தேசத்தை ஆளப்போகிற கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் பிரயாணம் 1601-ல் ஜேம்ஸ் லங்காஸ்டர் தலைமையில் நான்கு கப்பல்களில் கிளம்பிற்று. லங்காஸ்டர் தம் கப்பலில் எலுமிச்சைச் சாற்றுப் புட்டிகளை ஏற்றி, ஒவ்வொருவனுக்கும் காலையில் வெறும் வயிற்றில் மூன்று கரண்டி கொடுத்து வந்தார். ஆப்பிரிக்காவின் தென்முனையை எட்டியபோது மற்ற மூன்று கப்பல்களிலும் பாய் இறக்க ஆள் இல்லை. லங்காஸ்டரின் ஆட்கள் போய் உதவினார்கள். நூறு பேருக்கு மேல் அதற்குள் இறந்திருந்தார்கள். இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுமா? ஆயினும் அது ஒரு தளபதியின் கைப் பழக்கமாகவே நின்றுவிட்டது. விதியாக யாரும் எழுதி வைக்கவில்லை.

இப்போது கதாநாயகன் வருகிறான். ஜேம்ஸ் லிண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், வயது முப்பது, ஸாலிஸ்பரி என்ற போர்க் கப்பலின் வைத்தியர். 1747 மே மாதம் 20-ந் தேதி அவர் ஒரு காரியம் செய்தார். ஸ்கர்வி கண்ட பன்னிரண்டு மாலுமிகளை, கூடியவரையில் ஒரே நிலையில் இருப்பவர்களாகப் பார்த்துப் பொறுக்கி, ஓரிடத்தில் படுக்க வைத்து, எல்லோருக்கும் ஒரே ஆகாரம் கொடுத்தார். மருந்தை மட்டும் மாற்றினார். இரண்டு பேருக்கு ஆப்பிள் மது. இரண்டு பேருக்குக் கந்தகத் திராவகத் துளிகள். இரண்டு பேருக்குக் காடி. இரண்டு பேருக்குக் கடல் தண்ணீர். இரண்டு பேருக்குப் பூண்டும் கடுகும் சேர்த்தரைத்த ஒரு லேகியம். மீதி இரண்டு பேருக்குத் தினம் இரண்டு ஆரஞ்சு, ஓர் எலுமிச்சம்பழம்.

பழம் ஆறு நாளில் தீர்ந்து போயிற்று. ஆனால் ஆறு நாள் போதுமானதாயிருந்தது. பழம் தின்ற இருவரில் ஒருவன் எழுந்து வேலைக்குப் போனான். மற்றவனையும் தேறினவனாகக் கணக்கிட்டு, எஞ்சிய பத்து நோயாளிகளுக்கும் பணிவிடை செய்ய நியமித்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரின் பெயர்களைச் சரித்திரம் குறித்து வைக்கவில்லை. கடல் தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தவன், பக்கத்துப் படுக்கைக்காரன் ஆரஞ்சுத் தோலை உரிப்பதை எப்படிப் பார்த்துக் கொண்டிருந்திருப்பான் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. வைத்திய சாஸ்திரத்தில் ஒன்றோடொன்றை ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில் மிகப் பழையவற்றுள் ஒன்றாக இது இன்று போற்றப்படுகிறது.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. லிண்ட் 1753-ல் நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூல் ஒன்று வெளியிட்டார். அதில் இந்தச் சோதனைக்குக் கிடைத்தது சில பக்கங்களே. போகட்டும். பழத்தை மாதக் கணக்கில் கடலில் எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வி வந்தபோது அவர் சொன்ன யோசனைதான் விபரீதமாயிற்று. சாற்றைப் பிழிந்து, வடிகட்டி, ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரின் மேல் வைத்துப் பல மணி நேரம் சுண்டக் காய்ச்ச வேண்டும். பாகு போலக் கெட்டியானதும் புட்டியில் அடைக்க வேண்டும். வருஷக் கணக்கில் கெடாது. வேண்டும்போது தண்ணீர் விட்டால் பழச் சாறாகிவிடும்! அந்தப் பாகுக்கு "ராப்" என்று பெயர்.

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான யோசனை, பாருங்கள்! நிறம் இருந்தது, புளிப்பு இருந்தது, மணமும் ஓரளவு இருந்தது. போனது ஒன்றே ஒன்று. காய்ச்சுகையில் ஒரு பங்கும், புட்டியில் கிடக்கையில் பெரும் பங்குமாக வைட்டமின் ஸி அழிந்து போயிற்று. லிண்டையும் குற்றம் சொல்ல வழியில்லை. புளிப்புதான் வேலை செய்கிறது என்று அக்கால வைத்தியர்கள் நம்பினார்கள். புளிப்புக்குள்ளே வேறொன்று ஒளிந்திருக்கிறது என்று யார் கண்டது? கப்பல்களில் ராபைக் கொடுத்துப் பார்த்தார்கள். கேப்டன் குக் 1768-ல் புறப்பட்ட பிரயாணத்தில் அதுவும் போயிற்று. பலன் சொல்லும்படியாக இல்லை. "எலுமிச்சை மருந்தாகும் என்பது பழைய பேச்சு" என்று எண்ண அதிகாரிகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. லிண்ட் மருந்தைக் கண்டுபிடித்தார். அடுப்பில் ஏற்றி அதைத் தாமே தொலைத்தார்.

நாற்பத்தேழு வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு நடந்ததற்கு நம் சென்னைப் பட்டினமே சாட்சி. 1794-ம் வருஷம் ரெய்னியர் என்ற கடற்படைத் தலைவர் ஸஃபக் என்ற போர்க் கப்பலில் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குப் புறப்பட்டார். வழியில் எந்தக் கரையையும் தொடாத பிரயாணம். இருபத்து மூன்று வாரம் தண்ணீரும் வானமும்தான். ஆன்சன் காலத்துக் கணக்குப்படி பார்த்தால், கப்பலில் பாதிப்பேர் மிஞ்சியிருக்கக் கூடாது. ஆனால் இந்தத் தடவை ஒவ்வொரு மாலுமிக்கும் நாள்தோறும் ஒரு பானம் கொடுத்தார்கள். அவன் வழக்கமாகக் குடிக்கும் தண்ணீர் கலந்த ரம்மிலே எலுமிச்சைச் சாறு முக்கால் அவுன்சுக்குச் சற்றுக் குறைவு. சர்க்கரை இரண்டு அவுன்ஸ். ரம்மை மறந்துவிட்டுப் பார்த்தால், நாம் விருந்தாளிக்குக் கொடுக்கிற சர்பத்தேதான்!

சிலருக்கு ஸ்கர்வியின் சாயல் தெரிந்தது. சாற்றை அதிகமாகக் கொடுத்ததும் மறைந்துவிட்டது. கப்பல் வந்து நின்றபோது அந்த வியாதியால் இறந்தவன் ஒருவன்கூட இல்லை. அப்போது சென்னைக்குத் துறைமுகம் ஏது? கப்பல்கள் திறந்த கடலிலே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலை மேல் ஏறி இறங்கிப் போய் ஆட்களைக் கொண்டு வரும். எத்தனையோ கப்பல்களிலிருந்து எத்தனையோ நோயாளிகளை அந்தப் படகுக்காரர்கள் இறக்கிப் பழகியிருப்பார்கள். ஐந்து மாதத்துக்கு மேல் கடலில் கிடந்தவர்கள் தாமாகவே படகில் குதித்து இறங்கியதைக் கண்டு அவர்கள் என்ன நினைத்தார்களோ! ஜேம்ஸ் லிண்டுக்கு இந்தச் செய்தி எட்டவில்லை. ஸஃபக் நடுக்கடலில் இருந்தபோது, 1794 ஜூலையில், அவர் காலமாகிவிட்டார்.

மறு வருஷம், 1795-ல், கில்பர்ட் பிளேன் என்ற வைத்தியரின் முயற்சியால், பிரிட்டிஷ் கடற்படையில் எலுமிச்சைச் சாறு வழங்குவது ஏற்பாடாயிற்று. ஹாஸ்லர் என்ற இடத்திலே கடற்படை ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. லிண்டே இருபத்தைந்து வருஷம் தலைமை வைத்தியராக இருந்த இடம். 1780-ல் அங்கே ஸ்கர்வியோடு வந்து படுத்தவர்கள் ஆயிரத்துக்கும் அதிகம். 1806-ல் வந்தவர்கள் ஓரிருவர்.

இந்தச் சாற்றை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். காய்ச்சவில்லை. சிலர் சிறிது சாராயம் கலந்து வைத்தார்கள். சிலர் புட்டியில் பச்சைச் சாற்றை ஊற்றி, மேலே ஆலிவ் எண்ணெயை ஒரு விரல் மிதக்க விட்டு மூடினார்கள். எண்ணெய் காற்றை உள்ளே விடாது. எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடியில், "மேலே நல்லெண்ணெய் நிற்கிறதா, பார்" என்று நம் வீட்டில் சொல்வார்களே, அதே சூட்சுமம். நாம் பூஞ்சைக்குப் பயந்து செய்கிறோம். அவர்களும் சாறு கெட்டுவிடக் கூடாதென்றுதான் செய்தார்கள். வைட்டமினைத் தின்னும் பிராணவாயுவும் அதனால் தடைப்பட்டது என்பது பின்னாலே தெரிந்த விஷயம்.

சரி, இத்தோடாவது சுபம் என்றால், அதுவும் இல்லை. எலுமிச்சையில் இரண்டு ஜாதி உண்டு. மத்தியதரைக் கடல் ஓரத்தில் விளைவது பெரிதாய், மஞ்சளாய், தடித்த தோலோடு இருக்கும், அது லெமன். நம் ஊரில் விளைவது சிறிதாய், உருண்டையாய், மெல்லிய தோலோடு இருப்பது. ஆங்கிலத்தில் அதற்குச் சரியான பெயர் லைம். மேற்கிந்தியத் தீவுகளிலும் இந்தச் சின்ன ஜாதிதான். நம் பெண்களிடம் நாரத்தையையும் கொழுமிச்சையையும் கிடாரங்காயையும் கலந்து கொடுத்தால், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தே பிரித்து வைத்துவிடுவார்கள். ஆங்கிலக் கடற்படையோ, லெமனையும் லைமையும் ஒரே பெயரால் அழைத்துக் குழப்பிக் கொண்டது. 1860-களிலிருந்து, பேரரசுக்குச் சொந்தமான தீவுகளிலேயே கிடைக்கிறதே என்று, சிஸிலி லெமனை விட்டு மேற்கிந்திய லைமுக்கு மாறினார்கள். புளிப்பு சற்று அதிகம்கூட. ஆகையால் மருந்தும் அதிகம் என்றே நினைத்தார்கள்.

உண்மையில் லைமில் வைட்டமின் குறைவு. அத்தோடு, அந்தச் சாறு தொட்டிகளில் திறந்தபடி தெளிய வைக்கப்பட்டது; செம்புக் குழாய்களின் வழியே இறைக்கப்பட்டது. காற்றும் செம்பும் சேர்ந்தால் வைட்டமின் ஸி வெகு விரைவில் அழிந்துவிடும். "பித்தளையிலே புளிப்பை வைக்காதே, களிம்பு ஏறும்" என்று ஈயம் பூசாத பாத்திரத்தைத் தள்ளி, ஜாடியையும் கல்சட்டியையும் எடுக்கும் வீட்டுப் பழக்கம் அந்தத் தொழிற்சாலைக்காரர்களுக்கு இல்லை.

இவ்வளவு நடந்தும் ஒருவருக்கும் விஷயம் தெரியவில்லை. காரணம், அதற்குள் நீராவிக் கப்பல் வந்துவிட்டது. மூன்று மாதப் பிரயாணம் மூன்று வாரமாயிற்று. துறைமுகத்துக்குத் துறைமுகம் புதுக் காய்கறி கிடைத்தது. மாலுமிகள் உயிரற்ற சாற்றைக் குடித்துக் கொண்டே ஆரோக்கியமாக இருந்தார்கள். "பார்த்தீர்களா சாற்றின் மகிமையை!" என்று எல்லோரும் நம்பினார்கள்.

குட்டு உடைந்தது வட துருவத்துப் பனியிலே. 1850-ல் லெமன் சாற்றோடு போன இன்வெஸ்டிகேட்டர் என்ற கப்பலின் ஆட்கள் இரண்டு வருஷத்துக்கு மேல் ஸ்கர்வி இல்லாமல் பனியில் சமாளித்திருந்தார்கள். 1875-ல் நேர்ஸ் என்ற தளபதியோடு லைம் சாற்றோடு போனவர்களிலோ, ஒரே குளிர்காலத்துக்குப் பிறகு ஏறக்குறைய பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். விசாரணைக் குழு கூடி, பனிச் சறுக்கு வண்டிகளில் சாறு கொண்டு போகாத குற்றத்தைத் தளபதியின் தலையில் சுமத்திற்று. சாற்றையே சந்தேகித்தவர்களோ அடுத்த கோடிக்குப் போய்விட்டார்கள். "எலுமிச்சையாவது மருந்தாவது! டப்பாவில் அடைத்த இறைச்சி கெட்டுப் போய் உண்டாகும் விஷம்தான் ஸ்கர்வி" என்ற கொள்கை பரவிற்று. 1901-ல் ஸ்காட் தென் துருவத்துக்குப் போனபோது இந்தக் கொள்கைதான் அவரோடு போயிற்று. அவருடைய ஆட்களுக்கும் ஸ்கர்வி வந்தது. முந்நூறு வருஷத்துக்கு முன்னே லங்காஸ்டருக்குத் தெரிந்திருந்தது, இருபதாம் நூற்றாண்டு வைத்தியர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது!

இதன் கூலியை நம்மவர்களும் கொடுத்தார்கள். முதல் உலகப் போரில் 1915 டிசம்பர் தொடங்கி 1916 ஏப்ரல் வரையில், டைக்ரிஸ் நதிக்கரையில் கூட் என்ற ஊரைத் துருக்கியர் முற்றுகையிட்டார்கள். உள்ளே அகப்பட்ட படையில் பெரும்பாலோர் இந்தியர். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குதிரை இறைச்சி தின்றார்கள்; அவர்களுக்கு வெள்ளை ரொட்டியால் பெரிபெரி வந்தது. நம்மவர்களுக்குக் கோதுமை மாவும் வாற்கோதுமையும் கிடைத்ததால் பெரிபெரி வரவில்லை. ஆனால் குதிரை இறைச்சியைத் தொட மதம் இடம் கொடுக்கவில்லை, காய்கறியும் இல்லை. பல நூறு பேர் ஸ்கர்வியில் விழுந்தார்கள்.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்து வைத்தவர்கள் இரண்டு பெண்மணிகள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 1907-ல் நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், ஃபிரோலிக் என்ற இருவர், மனிதனைப் போலவே ஸ்கர்விக்கு ஆளாகும் பிராணி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள், அது கினிப்பன்றி. அதைக் கொண்டு 1918-ல் லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ஹாரியட் சிக் என்ற அம்மையாரும் அவருடைய தோழிகளும் சோதனை செய்தார்கள். லைமின் புதுச் சாற்றுக்கு லெமன் சாற்றில் கால் பங்கு வலிமைதான் உண்டு என்றும், பதப்படுத்திய லைம் சாறு ஒன்றுக்கும் உதவாது என்றும் தெரிந்தது. ஆலிஸ் ஹென்டர்சன் ஸ்மித் என்ற அம்மையார் பழைய கடற்படைத் தஸ்தாவேஜுகளைக் குடைந்து, அக்காலத்தில் "லைம் சாறு" என்று எழுதியதெல்லாம் மத்தியதரைக் கடல் லெமன்தான் என்று நிரூபித்தார். ஒரு வீட்டுக்காரி அஞ்சறைப் பெட்டியைக் கவிழ்த்து, "இது சீரகம், இது சோம்பு" என்று பிரித்துக் காட்டியது போலிருந்தது அது.

அப்புறம் கதை வேகமாக முடிகிறது. 1928-ல் ஸெண்ட் ஜியார்ஜி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி ஒரு வெள்ளைப் பொடியைப் பிரித்தெடுத்தார். 1932-ல் அதுவே வைட்டமின் ஸி என்று உறுதியாயிற்று. அது ஏராளமாக வேண்டியிருந்த சமயத்தில், ஒருநாள் இரவு மனைவி பரிமாறிய குடைமிளகாயைத் தின்ன மனமில்லாமல், தட்டோடு ஆராய்ச்சிச் சாலைக்கு எடுத்துப் போனதாகவும், நடு ராத்திரிக்குள் அது ஒரு சுரங்கம் என்று தெரிந்ததாகவும் அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1937-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த அம்மாளின் சமையலுக்கு ஒன்றும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

அப்படியானால் நம் எலுமிச்சை லைம் ஜாதிதானே, அதனால் பயனில்லையா என்று கவலைப்பட வேண்டாம். நூறு கிராம் பழத்துக்கு லெமனில் சுமார் 50 மில்லிகிராம் இருந்தால், இதில் சுமார் 30 இருக்கிறது. ஒரு பழத்தின் சாற்றில் ஆறேழு மில்லிகிராம் கிடைக்கும். ஸ்கர்வியைத் தடுக்க நாளைக்குப் பத்து மில்லிகிராம் போதும். ஆகவே அப்போது பிழிந்த இரண்டு பழம், மாலுமியையும் காப்பாற்றும், நம்மையும் காப்பாற்றும். அதனுடன் வேறு பழமும் சேர்ந்தால் இன்னும் விசேஷம். ஆரஞ்சில் நூறு கிராமுக்குச் சுமார் 50 மில்லிகிராம். ஏழைப் பழமான கொய்யாவில் 200-க்கும் மேல்!

இப்போது சர்பத்துக்கு வருவோம். ஆறு பேருக்கு முக்கால் தம்ளர் சர்க்கரையை ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டு, தட்டிய இஞ்சி ஒரு துண்டும் இரண்டு ஏலக்காயும் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். காலையிலேயே செய்து ஆற வைத்துவிடலாம். நன்றாகப் பழுத்த கொய்யாப் பழம் இரண்டை மசித்து, விதை போக மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். கொய்யா பிடிக்காதவர்கள் ஆரஞ்சோ அன்னாசியோ சேர்க்கலாம். ஆறிய பாகில் இதைக் கலந்து, ஐந்து தம்ளர் பானைத் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். பாத்திரம் பீங்கானோ கண்ணாடியோ எவர்சில்வரோ எதுவானாலும் சரி. பித்தளையும் செம்பும் வேண்டாம்.

எலுமிச்சம்பழம் நான்கைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டித் தயாராக வைத்துக் கொள்ளுங்கள். சாறு நன்றாக விடும். ஆனால் உடனே நறுக்கிவிட வேண்டாம். விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றுகிற சப்தம் கேட்ட பிறகு கத்தியை எடுத்தால் போதும்.